சாலிட் ஸ்டேட் டெஸ்லா காயில் கிட்: 30 வோல்ட்டில் பொறி வருகிறது, 60 வோல்ட்டில் மாஸ்ஃபெட் கொதிக்கிறது

சுருள்விரும்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆன்லைனில் வாங்கிய ஒரு டெஸ்லா காயில் (உயர் அதிர்வெண்ணில் உயர் வோல்ட் உண்டாக்கிப் பொறி விடும் சுருள்) கிட்டைக் கட்டி முடித்திருக்கிறேன். அரைப் பாலம், அதாவது ஹாஃப் பிரிட்ஜ் வகை: இரண்டு மாஸ்ஃபெட் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மாறி மாறித் திறந்து, கீழே இருக்கும் சின்னச் சுருளான பிரைமரியை ஓட்டும். ஐஆர்எஃப்பி460 மாஸ்ஃபெட் இரண்டு, யூசிசி27321, யூசிசி27322 டிரைவர் ஐசி ஒன்று ஒன்று, ஃபீட்பேக்குக்குச் சின்ன ஆன்டெனா, அதிலிருந்து 74எச்சி14 ஐசி. காயிலை விட்டுவிட்டு ஓட வைக்கும் இன்டரப்டருக்கு 555 டைமர் ஐசி. பொறி விடும் பெரிய சுருளான செகண்டரி ஏற்கெனவே சுற்றியே வந்தது: 5 செ.மீ. விட்டமுள்ள பைப், சுருளின் உயரம் 20 செ.மீ., 0.2 மி.மீ. எனாமல் வயர், சுமார் 900 சுற்று. மேலே 8 செ.மீ. உலோகப் பந்து, அதில் ஒரு ஊசி.

பெஞ்ச் பவர் சப்ளையில் 30 வோல்ட் கொடுத்தால் ஊசி நுனியில் ஊதா நிறத்தில் சின்னதாகப் பூக்கிறது. இருட்டில் நன்றாகத் தெரிகிறது, சீறும் சத்தமும் கேட்கிறது. ஆனால் 60 வோல்ட்டுக்கு ஏற்றினால் பொறி பெரிதாக நீளவில்லை. கரண்ட் மட்டும் ஏறுகிறது, இரண்டு மாஸ்ஃபெட்டும் ஹீட்சிங்கோடு சேர்ந்து கொதிக்கிறது. டிரைவரின் சிக்னலை மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு (அதைத் திறந்து மூடும் முனை) கொண்டுபோகும் கேட் டிரான்ஸ்ஃபார்மரின் வளையத்தில் விரல் வைக்க முடியவில்லை. டிரைவர் ஐசியும் சூடு.

கிட்டோடு வந்த தாளில் "டெஸ்ட் முடிந்ததும் நேராக மெயின்ஸில் இணைக்கவும்" என்று ஒரே வரி. இப்படியே இணைத்தால் மாஸ்ஃபெட் வெடிக்கும் என்று மனசு சொல்கிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்க வேண்டும்?


பழைய_வால்வு எழுதியது:

தம்பி, மனசு சொல்வது சரி. மெயின்ஸ் பக்கம் இப்போது போகவே வேண்டாம். 230 வோல்ட்டை நேர்திசையாக்கினால் பாலத்தின் மேல் 325 வோல்ட் உட்காரும். 60 வோல்ட்டிலேயே கொதிக்கிற மாஸ்ஃபெட் அங்கே ஒரு நொடி தாங்காது.

பொறி வருகிறது என்றால் ஃபீட்பேக் வேலை செய்கிறது, பிரைமரியின் இரு முனைகளும் சரியான திசையில்தான் இருக்கின்றன. திசை மாறியிருந்தால் காயில் ஒலிக்கவே ஒலிக்காது. எனவே அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம். செகண்டரியின் அடிமுனை பூமியோடு சேர்ந்திருக்கிறதா, எனாமலைச் சுரண்டி சால்டர் வைத்தீர்களா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நோய் அங்கே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, கேட்டில் வரும் அலையின் வடிவம். பாலத்தின் பவரை முழுதாக எடுத்துவிடுங்கள். டிரைவருக்கு மட்டும் 12 வோல்ட் கொடுங்கள். ஆன்டெனா இருக்கும் இடத்தில் சிக்னல் ஜெனரேட்டரை வைத்து, காயிலின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் (காயில் இயல்பாகவே மிக அதிகமாக ஒலிக்கும் அதிர்வெண்) சதுர அலை ஊட்டுங்கள். ஸ்கோப்பின் (அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்) நுனியைக் கேட்டிலும், கிளிப்பை அதே மாஸ்ஃபெட்டின் சோர்ஸிலும் வையுங்கள்.

இரண்டு, அந்தக் கேட் டிரான்ஸ்ஃபார்மர் கோர் என்ன நிறம்?


அலைநீளம் எழுதியது:

இதற்கு முன்னால் செகண்டரி வயரின் நீளத்தைப் பார்த்தீர்களா? செகண்டரி என்பது கால் அலை ஆன்டெனா. வயரின் நீளம் சரியாகக் கால் அலைநீளம் இருந்தால்தான் ஒத்ததிர்வு வரும். நீங்கள் சொன்ன அளவுக்கு வயர் 141 மீட்டர் வருகிறது. அதற்குக் கால் அலை சுமார் 530 கிலோஹெர்ட்ஸ். டிரைவர் வேறு எங்கேயாவது ஓடிக்கொண்டிருந்தால் சூடாகத்தான் செய்யும்.


மின்கணக்கு எழுதியது:

நண்பர் அலைநீளம், இந்தக் கருத்து பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இந்தக் காயிலுக்கு அது பொருந்தாது, கணக்குப் போட்டே பார்க்கலாம்.

நெருக்கிச் சுற்றிய சுருளில் ஒவ்வொரு சுற்றும் பக்கத்துச் சுற்றோடு காந்தப்புலத்தால் பிணைந்திருக்கிறது. விரித்து நீட்டிய வயரில் அலை போகிற மாதிரி இதில் போகாது. அதிர்வெண்ணை முடிவு செய்வது சுருளின் இண்டக்டன்ஸும், சுருளுக்கும் மேலிருக்கும் பந்துக்கும் உள்ள கபாசிட்டன்ஸும்தான். வீலர் சூத்திரத்தில் போட்டால் இந்தச் சுருளுக்கு ஏறத்தாழ 9 மில்லிஹென்றி. உயரம் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு இருக்கும் சுருளுக்கு, மெட்ஹர்ஸ்ட் அட்டவணைப்படி தன் கபாசிட்டன்ஸ் விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 0.72 பிகோஃபாரட். 5 செ.மீ.க்கு 3.6. தனியாக நிற்கும் 4 செ.மீ. ஆரமுள்ள பந்துக்கு 4.4. மொத்தம் 8 என்று வைத்துக்கொள்வோம்.

பந்து இல்லாமல் போட்டால் 885 கிலோஹெர்ட்ஸ் பக்கம். பந்தை வைத்துப் போட்டால் 590 பக்கம். வயரின் நீளம் இரண்டிலும் அதே 141 மீட்டர்தான். நீளம்தான் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது என்றால் பந்தை எடுத்ததும் 300 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்திருக்கக் கூடாதே.

தவிர, இது ஃபீட்பேக் எடுத்து ஓடும் காயில். செகண்டரி எங்கே ஒலிக்கிறதோ அங்கேயே டிரைவரும் தானாகப் போய் நிற்கும். கைகூடப் பக்கத்தில் போனால் அதிர்வெண் கொஞ்சம் இறங்கும், டிரைவரும் கூடவே இறங்கும். டெஸ்லா 1891ல் காப்புரிமை வாங்கிய அமைப்பில் பொறி இடைவெளியும் கபாசிட்டரும் இருந்தன. அங்கே பிரைமரியையும் செகண்டரியையும் கையால் ஒரே அதிர்வெண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வகையில் பிரைமரிக்கு என்று தனி ஒத்ததிர்வே கிடையாது.

சுருள்விரும்பி, கணக்கை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஜெனரேட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாகச் செகண்டரியின் அடிமுனைக்குக் கொடுங்கள். ஸ்கோப் புரோபை எதிலும் தொடாமல் அரை மீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள். அதிர்வெண்ணை மெல்ல ஏற்றும்போது ஸ்கோப்பில் உயரம் சட்டென்று எழும்பும் இடம்தான் உங்கள் ஒத்ததிர்வு.


அலைநீளம் எழுதியது:

பந்து உள்ளபோதும் இல்லாதபோதும் எவ்வளவு வருகிறது என்று பார்க்க எனக்கும் ஆவல். முடிவைக் கண்டிப்பாகப் போடுங்கள்.


சுருள்விரும்பி எழுதியது:

அளந்துவிட்டேன். பந்தோடு 570, பந்து இல்லாமல் 860. ஆக, மின்கணக்கு அண்ணா சொன்ன இடத்துக்கு மிகப் பக்கம். மேசைமேல் இருந்த உலோகப் பெட்டியை நகர்த்தியபோது சில கிலோஹெர்ட்ஸ் மாறியதையும் கண்ணால் பார்த்தேன்.

கேட் அலைதான் கவலைப்படும்படி இருக்கிறது. சதுரமாக இல்லை. ஏறும்போது சாய்வாக ஏறுகிறது, உச்சியில் 12 வோல்ட்டைத் தொட்டுவிட்டு ஆடிக்கொண்டே சரிகிறது. அரைச் சுழற்சி முடிவதற்குள் 6 வோல்ட்டுக்கு வந்துவிடுகிறது.

கோர் மஞ்சள் நிறம், ஒரு முகம் மட்டும் வெள்ளை. கிட்டின் தாளில் படம் போட்டிருந்தபடி மூன்று சுருளையும் வளையத்தின் மூன்று பக்கத்தில் தனித்தனியாக, 10 சுற்று வீதம் சுற்றியிருக்கிறேன். எல்சிஆர் மீட்டரில் ஒரு சுருள் 9 மைக்ரோஹென்றி காட்டுகிறது.


பழைய_வால்வு எழுதியது:

நோய் கிடைத்துவிட்டது. மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்த வளையம் இரும்புத்தூள் கோர். கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் வெளியீட்டுப் பக்கத்தில் சோக்காக இருப்பது அதுதான். அந்த வேலைக்கு அருமையான பொருள். கேட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆகவே ஆகாது. கிட் அனுப்பியவர்கள் வளையம் என்றால் வளையம்தானே என்று போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

அதன் காந்த ஊடுதிறன், அதாவது காந்தப்புலத்தை எவ்வளவு எளிதாக உள்ளே விடும் என்ற அளவு, வெறும் 75. நமக்கு வேண்டியது சில ஆயிரம் ஊடுதிறன் உள்ள ஃபெரைட். மின்கணக்கு, ஆம்பியர் கணக்கை நீங்களே போட்டுக் காட்டிவிடுங்கள்.


மின்கணக்கு எழுதியது:

போடுகிறேன். 590 கிலோஹெர்ட்ஸில் அரைச் சுழற்சி 0.85 மைக்ரோ செகண்ட். அந்த நேரம் முழுக்கச் சுருளின் மேல் 12 வோல்ட் நிற்கிறது. வோல்ட்டை நேரத்தால் பெருக்கி 9 மைக்ரோஹென்றியால் வகுத்தால் 1.1 ஆம்பியர். இது காந்தமாக்க மட்டும் போகும் கரண்ட். கேட்டுக்கு இதில் ஒரு துளியும் போவதில்லை. ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் டிரைவர் ஐசி இந்த 1.1 ஆம்பியரை ஒரு பக்கமும் மறுபக்கமும் புரட்டிக்கொண்டே இருக்கிறது. அலையின் தலை சரிவது அதனால்தான், ஐசி சூடாவதும் அதனால்தான்.

அதே அளவு ஃபெரைட் வளையத்தில் அதே 10 சுற்றுக்கு 300 மைக்ரோஹென்றி வந்தது என்று வையுங்கள். காந்தமாக்கும் கரண்ட் 35 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும்.

வளையம் சுடுவதற்கும் காரணம் இதே பொருள்தான். அந்த மஞ்சள் இரும்புத்தூள் கலவை குறைந்த அதிர்வெண்ணுக்கு உருவானது. 500 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கோர் இழப்பு மிக அதிகம், அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும்.


பழைய_வால்வு எழுதியது:

இன்னொன்று. அலை சாய்வாக ஏறுவதும் உச்சியில் ஆடுவதும் கோரால் மட்டும் வருவதில்லை. மூன்று சுருளையும் தனித்தனி மூலையில் சுற்றியதால் வருகிறது. சுருள்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால் கசிவு இண்டக்டன்ஸ் கூடும். அது மாஸ்ஃபெட்டின் கேட் கபாசிட்டன்ஸோடு சேர்ந்து ஆடும். எனவே கோரை மட்டும் மாற்றி அதே படத்தின்படி சுற்றினால் பாதி நோய் அப்படியே நிற்கும்.

செய்ய வேண்டியது இது. பழைய பவர் சப்ளையின் மெயின்ஸ் நுழைவுப் பக்கம், ஒரே வளையத்தில் எதிரெதிராக இரண்டு சுருள் சுற்றிய ஒரு ஃபில்டர் இருக்கும். அந்த வளையம் பெரும்பாலும் உயர் ஊடுதிறன் ஃபெரைட். பழைய வயரை அவிழ்த்துவிட்டு 10 சுற்று சுற்றி மீட்டரில் பாருங்கள். நூறுகளில் மைக்ரோஹென்றி வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வயருக்கு நெட்வொர்க் கேபிளின் உள்ளே இருக்கும் இழைகள் போதும். மூன்று நிறத்தில் மூன்று இழை எடுத்து, டிரில்லில் மாட்டி இறுக்கமாக முறுக்குங்கள். முறுக்கிய கயிற்றை அப்படியே வளையத்தில் 10 சுற்று. நிறம் வேறாக இருந்தால் முனைகளை அடையாளம் காண்பது எளிது.

அந்த அடையாளம்தான் உயிர். இரண்டு கேட்டுக்கும் அலை எதிரெதிராகப் போக வேண்டும். ஒன்றின் தொடக்கமுனை கேட்டுக்குப் போனால் மற்றதின் தொடக்கமுனை சோர்ஸுக்கு. இரண்டும் ஒரே திசையில் போனால் மேல் மாஸ்ஃபெட்டும் கீழ் மாஸ்ஃபெட்டும் ஒன்றாகத் திறந்து பாலமே ஷார்ட் ஆகும். பாலத்துக்குப் பவர் கொடுக்காமல், ஸ்கோப்பில் இரண்டு கேட்டையும் பார்த்து, ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகிறதா என்று உறுதி செய்த பிறகுதான் அடுத்த படி.

டிரைவருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே தொடரில் 1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் இருக்கிறதா பாருங்கள். இன்டரப்டர் அணைந்த நேரத்தில் டிசி தங்கிக் கோர் நிரம்பிவிடாமல் அது தடுக்கும். ஒவ்வொரு கேட்டிலும் 5 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர், சோர்ஸுக்கு 10 கிலோஓம், வோல்ட்டை வரம்புக்குள் வைக்க முதுகுக்கு முதுகு ஜோடியாக ஜீனர் டையோடு. ஐஆர்எஃப்பி460ன் கேட் 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஒரே ஒரு துள்ளல் அதைத் தாண்டினாலும் கேட் ஆக்சைடு ஓட்டையாகிவிடும். அப்புறம் அந்த மாஸ்ஃபெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.


கேள்விக்குறி எழுதியது:

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். சின்ன டெஸ்லா காயில் பொறியைக் கையில் பிடிக்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. அதிக அதிர்வெண் கரண்ட் தோலின் மேலேயே ஓடிவிடும், உள்ளே போகாது, அதனால் ஆபத்து இல்லை என்கிறார்கள். அது உண்மையா?


மின்கணக்கு எழுதியது:

உண்மை இல்லை. இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த நம்பிக்கையில்தான் பலர் கையை நீட்டுகிறார்கள்.

கரண்ட் மேற்பரப்பில் ஒதுங்கும் விளைவு செம்பில் இருக்கிறது. 500 கிலோஹெர்ட்ஸில் செம்புக்குள் கரண்ட் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழத்துக்குள் ஒதுங்கிவிடும். மனித உடல் செம்பு இல்லை. தசையின் கடத்துதிறன் அந்த அதிர்வெண்ணில் மீட்டருக்கு அரை சீமன்ஸுக்கும் கீழே. அதை வைத்துக் கணக்கிட்டால் ஆழம் ஒரு மீட்டரைத் தாண்டுகிறது. உடலே அவ்வளவு தடிமன் கிடையாது. ஆகவே கரண்ட் உள்ளே, நரம்பும் தசையும் இருக்கும் வழியாகவே போகிறது.

ஷாக் அடிக்காததற்குக் காரணம் வேறு. நரம்பு ஒரு தூண்டலுக்கு எழும்ப நேரம் எடுக்கிறது. 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் துருவம் மாறும் வேகத்துக்கு நரம்பால் எழும்ப முடிவதில்லை. வலி என்ற எச்சரிக்கை வருவதில்லை, வெப்பம் மட்டும் வேலை செய்கிறது. அறுவைச் சிகிச்சை அறையில் சதையை வெட்டவும் இரத்தக் கசிவைச் சுட்டு அடைக்கவும் பயன்படும் மின்கத்தி ஓடுவது சில நூறு கிலோஹெர்ட்ஸில்தான், நம் காயில் ஓடும் அதே வட்டாரம். நோயாளி துள்ளுவதில்லை, ஆனால் சதை வெட்டுப்படுகிறது. பொறி விரலைத் தொடும் இடத்தில் நடப்பதும் அதுதான். வெளியே ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரியும், சுட்டது உள்ளே இருக்கும், ஆறவும் நாளாகும்.

இன்டரப்டர் போட்ட காயிலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 590 கிலோஹெர்ட்ஸ் நொடிக்கு நூறு முறை வெட்டி வெட்டி வரும்போது, அந்தத் தாழ்ந்த அதிர்வெண் துடிப்பை நரம்பு உணரும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது.

பொறி போய் பிரைமரியில் அடித்தால் நிலைமை இன்னும் மோசம். பிரைமரி மெயின்ஸோடு இணைந்தது. அயனியான காற்று வழியாக அந்தக் கரண்ட் கைக்கு வர வழி திறந்துவிடும்.


சுருள்விரும்பி எழுதியது:

அண்ணாக்களுக்கு மிக்க நன்றி. பழைய பவர் சப்ளை ஒன்றிலிருந்து கறுப்பு வளையம் எடுத்தேன். 10 சுற்றுக்கு 410 மைக்ரோஹென்றி. முறுக்கிய மூன்று இழையால் சுற்றியதும் கேட் அலை முற்றிலும் மாறிவிட்டது. தலை தட்டையாக நிற்கிறது, ஏறும் நேரம் 60 நானோ செகண்டுக்குள். இரண்டு கேட்டும் எதிரெதிராக, நடுவில் இரண்டும் மூடிய ஒரு சின்ன இடைவெளியோடு.

60 வோல்ட்டில் ஓட்டினேன். வளையம் அறைச் சூட்டிலேயே இருக்கிறது. ஹீட்சிங்க் இளஞ்சூடு. ஊசி நுனியில் ஒரு விரல் நீளத்துக்குப் பொறி, முன்பு சீறிய சத்தம் இப்போது படபடவென்று கேட்கிறது. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

இனி மெயின்ஸுக்குப் போகலாமா? வேரியாக் இருக்கிறது.


பழைய_வால்வு எழுதியது:

படிப்படியாகப் போகலாம். வேரியாக் வோல்ட்டை மாற்றுமே தவிர மெயின்ஸிலிருந்து பிரிக்காது, ஒரே சுருள்தான் அதில். எனவே முதலில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், அதற்குப் பின் வேரியாக், அதற்குப் பின் தொடரில் 100 வாட் இழை பல்பு. பாலம் எங்காவது ஷார்ட் ஆனால் பல்பு பளிச்சென்று எரியும், மாஸ்ஃபெட் பிழைக்கும்.

ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஸ்கோப் கிளிப்பைப் பாலத்தில் வைக்கவே கூடாது. ஸ்கோப்பின் கிளிப் அதன் பிளக் வழியாகப் பூமியில் இருக்கிறது. நேர்திசையாக்கிய மெயின்ஸின் எந்த முனையில் வைத்தாலும் ஷார்ட். ஸ்கோப்பும் போகும், உங்கள் கையும் பக்கத்தில் இருக்கும்.

இன்டரப்டரை 100 மைக்ரோ செகண்டுக்கு வையுங்கள், நொடிக்கு நூறு துடிப்பு. நூற்றில் ஒரு பங்கு நேரம்தான் காயில் ஓடுகிறது. ஆனால் அந்த 100 மைக்ரோ செகண்டுக்குள் கிட்டத்தட்ட 59 சுழற்சி இருக்கிறது, செகண்டரி முழு உயரத்துக்கு எழ அது தாராளம். சராசரி வெப்பம் கம்மி, பொறி நீளம். முழு நேரமும் ஓடவிட்டால் பொறி குட்டையாக, புதர் மாதிரி, தீ போலச் சூடாக வரும், மாஸ்ஃபெட்டும் அதே கணக்கில் சூடாகும்.

மாஸ்ஃபெட்டின் உலோக முதுகு டிரெயினோடு சேர்ந்தது என்பதை மறக்க வேண்டாம். இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் வைத்தால் நடுவே மைக்கா அல்லது சிலிகான் தகடு. இந்த வகை மாஸ்ஃபெட்டின் திருகுத் துளையைச் சுற்றி பிளாஸ்டிக்தான் இருக்கிறது, திருகுக்குத் தனிக் குழல் தேவையில்லை.

பாலத்தின் மேலிருக்கும் ஃபில்டர் கபாசிட்டருக்குக் குறுக்கே 47 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாகப் போடுங்கள். கபாசிட்டர் 470 மைக்ரோஃபாரட் என்றால் அணைத்த பிறகு 325 வோல்ட் 30க்குக் கீழே வர ஒரு நிமிடம் பிடிக்கும். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் அந்த வோல்ட் கபாசிட்டரில் எவ்வளவு நேரம் தங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.


இசைப்பொறி எழுதியது:

அருமையான இழை. 555க்குப் பதில் மைக்ரோகன்ட்ரோலரில் இன்டரப்டர் செய்து பாட்டு வாசிக்கலாம் என்று ஒரு எண்ணம். பொறியே ஸ்பீக்கராக மாறுவது எப்படி என்று யாராவது சொல்ல முடியுமா?


மின்கணக்கு எழுதியது:

ஒவ்வொரு துடிப்பிலும் பொறியைச் சுற்றியுள்ள காற்று சட்டென்று சூடாகி விரிகிறது, காதுக்கு ஒரு "டிக்" போகிறது. நொடிக்கு 440 டிக் கொடுத்தால் காது அதை 440 ஹெர்ட்ஸ் ஸ்வரமாகக் கேட்கும். 590 கிலோஹெர்ட்ஸ் காதுக்குத் தெரியாது, துடிப்பின் எண்ணிக்கைதான் ஸ்வரம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்வரம் மேலே போகப் போகத் துடிப்பும் கூடும். 100 மைக்ரோ செகண்டை அப்படியே வைத்துக்கொண்டு 1000 ஹெர்ட்ஸ் வாசித்தால் ஓடும் நேரம் நூற்றில் பத்து, வெப்பமும் பத்து மடங்கு. எனவே ஸ்வரம் உயரும்போது துடிப்பின் அகலத்தைக் குறைக்கும்படி நிரல் எழுதுங்கள். மேலுக்கு ஒரு உச்சவரம்பும் போடுங்கள். கன்ட்ரோலருக்கும் காயிலுக்கும் நடுவே ஒளியிழை கேபிள்தான் வேண்டும், செம்பு வயர் வைத்தால் காயிலின் புலமே அதில் ஏறிக் கன்ட்ரோலரைக் குழப்பிவிடும்.


பழைய_வால்வு எழுதியது:

பாட்டு வாசிப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தையும் நினைக்க வேண்டும். 590 கிலோஹெர்ட்ஸ் என்பது மத்திய அலை வானொலிப் பட்டைக்கு உள்ளேயே இருக்கிறது. பக்கத்து வீட்டு ரேடியோவில் உங்கள் பாட்டு கேட்கும். அதன் மடங்குகள் இன்னும் மேலே போய் மற்றதையும் தொடும். காயிலைச் சுற்றி பூமியோடு இணைத்த கம்பி வலைக் கூண்டு, மெயின்ஸ் நுழைவில் ஃபில்டர், ஓட்டுவதும் ஓரிரு நிமிடம்தான். செகண்டரியின் அடிமுனையை வீட்டு மெயின்ஸ் எர்த்தில் சேர்க்காதீர்கள். அந்த உயர் அதிர்வெண் வீட்டு வயரிங் முழுக்கப் போய் மற்ற கருவிகளைப் பதம் பார்க்கும். இந்த அளவுக் காயிலுக்குக் கீழே ஒரு பெரிய உலோகத் தகடு போதும். சன்னலையும் திறந்து வையுங்கள், பொறி ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாக்கும்.


சுருள்விரும்பி எழுதியது:

பல்பைத் தொடரில் போட்டு வேரியாக்கில் மெல்ல ஏற்றினேன். பல்பு லேசாகச் சிவந்ததோடு சரி. பிறகு பல்பை எடுத்துவிட்டுப் பாலத்தில் 200 வோல்ட் வரை போனேன். ஊசியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கிளை கிளையாகப் பிரிந்து பாய்கிறது. ஒரு மீட்டர் தள்ளி நிற்க வைத்த டியூப்லைட் எந்த இணைப்பும் இல்லாமல் எரிகிறது. ஹீட்சிங்க் கையால் தொடும் சூட்டுக்குள் இருக்கிறது, தொட்டுப் பார்த்தது பவரை எடுத்து, கபாசிட்டர் இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகுதான்.

ஒரு கேள்வி மிச்சம். பொறி சில சமயம் ஊசியை விட்டுவிட்டு செகண்டரியின் நடுப் பகுதியிலிருந்து பிரைமரிக்குத் தாவுகிறது. பந்தைப் பெரிதாக்கினால் சரியாகுமா?


மின்கணக்கு எழுதியது:

பந்தைத் தொட வேண்டாம். அது பிரைமரிக்கும் செகண்டரிக்கும் பிணைப்பு அதிகம் இருப்பதன் அடையாளம். பிரைமரியை ஒரு செ.மீ. கீழே இறக்குங்கள், அல்லது விட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். தாவிய இடத்தில் எனாமல் கருகியிருந்தால் அந்தக் கரியை முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டு வார்னிஷ் பூசுங்கள், கரி மின்சாரத்தைக் கடத்தும். வார்னிஷ் முழுக்கக் காய்ந்த பிறகு மறுபடி 60 வோல்ட்டிலிருந்தே தொடங்குங்கள்.